அழகு காட்டினாள்

விழுப்புரத்தில் அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டு, பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எதற்கு விட்டேன்? ஆறு நாள் ஆகிவிட்டது, அதனால்தான். எந்த வேலையிலும், எந்த ஊரிலும் நான் ஒரு வாரம் தாண்டியதில்லை.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு சிறுமி. எட்டு வயது இருக்கும். திரும்பி என்னைப் பார்த்தாள். வாயை ஒரு பக்கமாக இழுத்து, ஒரு கண்ணை மட்டும் சுருக்கி... அழகு காட்டினாள்!

விடுவேனா? நானும் அதே மாதிரி வாயைக் கோணிக் காட்டினேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்த அம்மாவை உலுக்கினாள்.

"எம்மா, இந்த மாமாவுக்கும் காத்து அடிச்சிக்கிச்சிமா!"

அப்போதுதான் உறைத்தது. முகவாதம்; ஒரு பக்க முகம் அசையவில்லை. அவள் அழகு காட்டவில்லை. சிரித்திருக்கிறாள்.

"உங்களுக்கும் கன்னத்துல கரண்ட் வெக்கறாங்களா மாமா? சுர்ருனு இருக்குதா?"

"இல்லம்மா... சும்மா பண்ணேன்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாமோ?

அம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஒரு மாசம் ஆச்சிண்ணா. காலையில வாய் கொப்புளிச்சா, தண்ணி ஒரு பக்கமா ஒழுவுது. சரியாயிடும்னுதான் டாக்டர் சொல்றாரு. இன்னும் பத்து நாளு தெனம் வந்து கரண்ட் வெச்சிக்கினு போவணும். ஆனா இஸ்கூல்ல டீச்சரே, 'எனக்கா அழகு காட்டுறே'ன்னு வெளிய நிக்க வெச்சிட்டாங்க. அதுலேர்ந்து யாரு எதிர்லயும் சிரிக்கிறதில்ல. வாயைப் பொத்திக்கினேதான் பேசுது. இன்னிக்கித்தான்... உங்களப் பாத்து சிரிச்சிது."

ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு சிரிப்பு. அதையும் நான் கெடுத்தேன்.

பழிப்பதற்கு 'அழகு காட்டுவது' என்று யார் பெயர் வைத்தார்களோ... அந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் சொல் சரியாகத்தான் இருக்கிறது.

திண்டிவனத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்குள் போனார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாளா என்று நின்றேன். பார்க்கவில்லை. நான் செஞ்சி பஸ் பிடிக்க வேண்டியவன். இரண்டு பஸ் போயின. ஏறவில்லை.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்கு எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவச் சேர்ந்தேன்.

"எத்தினி நாளுய்யா இருப்பே?" என்றார் கடைக்காரர்.

"பத்து நாளுண்ணே."