உதறிய மடி

சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் அம்மாவும் நானும் காய் தரம் பிரிக்கும் வேலை பார்த்தோம். எழுபதுகளின் நடுவில் என்று நினைவு. சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் வாச்சர் முன்னால் நின்று, மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தாவணி போட்ட எனக்குத் தினமும் மானம் போகும். வாச்சர் எனக்கு மாமா முறை. அவர் பாவம், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆபீஸ்காரர்களின் பையை மட்டும் யாரும் திறந்து பார்த்ததில்லை.

அப்போதுதான் எங்கள் குறைகளைக் கவனிக்கப் புதிதாக ஒரு லேபர் ஆபீசர் வந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஊர். எங்களையும் 'வாங்க, போங்க' என்பார். அதற்கே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நாணயம் ஒரு பக்கத்துச் சரக்கு இல்லை, தினமும் திருடியைப் போல நடத்தினால் யாருக்கு நேர்மையாக இருக்கத் தோன்றும் என்று மேனேஜரோடு மல்லுக்கட்டினார். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்றாராம் மேனேஜர். கடைசியில் ஆபீசர்தான் ஜெயித்தார்.

"இன்னைலேருந்து யாரும் மடிய உதற வேண்டாமுங்க. உங்க மேல நம்பிக்கை இருக்குதுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மேனேஜரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். பெண்கள் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல நிமிர்ந்து நடந்தார்கள். எனக்கு முன்னால் அம்மா. வாசலுக்கு வந்ததும், இத்தனை வருஷப் பழக்கம், அவள் கை தானாக மடியை அவிழ்த்து உதறியது. ஒரு கைப்பிடி ஏலக்காய் சிமெண்டுத் தரையில் சிதறி ஓடியது. எல்லாம் முதல் தரம்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

அது எதற்கென்று எனக்குத் தெரியும். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஆபீசர் சொல்லியிருந்தார். அவருக்குக் கொடுக்கும் டீயில் தட்டிப்போட எடுத்திருக்கிறாள். நாளெல்லாம் ஏலக்காயில் புரண்டாலும் எங்கள் வீட்டு டீ அதைக் கண்டதில்லை. இதை அவள் அங்கே சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

மேனேஜர் சிரித்தார். இவளை வேலையை விட்டு நிறுத்து, நாளையிலிருந்து பழையபடி சோதனை என்றார். ஆபீசரின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. சோதனை வைப்பதென்றால் தன் பையிலிருந்து, மேனேஜர் பங்களாவுக்குப் போகும் பையிலிருந்து தொடங்கட்டும் என்றார். மேனேஜர் பங்களாவைப் பார்க்க நடந்துவிட்டார். அம்மாவின் வேலை தப்பியது, சோதனையும் திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசர் வந்து கூரையைப் பார்த்தார், வெறும் டீயைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அம்மா அடுப்படியை விட்டு வரவே இல்லை.

மறுநாள் எல்லோரும் நேராக வெளியே நடக்க, அம்மா மட்டும் வாசலில் நின்று மடியை உதறினாள். அதற்கடுத்த நாளும். நான் அவளுக்கு யாரோ போல விலகி நடப்பேன். ஒருநாள் ஆபீசரே குறுக்கே வந்து, வேண்டாமுங்கம்மா, எல்லாம் அன்றைக்கே முடிந்துபோயிற்று என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"நீங்க விட்டுட்டீக அய்யா" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "உதறாமப் போனா எல்லாரும் என் மடியத்தான பாக்குறாக."

பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.