ஐந்து வரிசைத் தையல்

காலை ஆறு நாற்பது. கோவில்பட்டிக்கு மேற்கே, உளுந்து அறுத்து முடித்த ஒரு கரிசல் காடு. சுண்ணாம்புப் பொடியால் தரையில் போட்டிருந்த கட்டத்துக்குள் என் தம்பியின் கார் நின்றிருந்தது. அதற்கு அடியிலிருந்து கான்வாஸ் ஷூ போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தான்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலிக் காட்டில் ரப்பர் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நொடியில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ஓட்டுபவர்கள் யாருக்கும் இது தொழில் அல்ல. தம்பிக்கு அப்போது முப்பத்தொரு வயது. டிராக்டர் உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிறான். பழைய சின்ன கார் ஒன்றை வாங்கி, ஆறு மாதம் அதைப் பிரித்துப் பூட்டியதில் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தான். அதுதான் அவனுக்கு முதல் பந்தயம்.

நான் ஒன்பது வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். திருமணத்துக்குப் பிறகு புதியம்புத்தூரில் கணவர் வீட்டாரின் தையல் யூனிட்டைக் கவனித்துக்கொள்கிறேன். பதினான்கு மிஷின்கள். பெரும்பாலும் பள்ளிச் சீருடை, கொஞ்சம் பள்ளிப் பைகள்.

பந்தயம் நடத்துபவர்கள் நான்கு பக்க விதிமுறைத் தாள் அனுப்பியிருந்தார்கள். கார் கவிழ்ந்தால் நசுங்காமலிருக்க உள்ளே பற்ற வைக்கும் இரும்புக் கூண்டு, சீட், எஞ்சின் பற்றிய மூன்று பக்கங்களைத் தம்பியின் நண்பன் தன் வெல்டிங் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்து, வரிக்கு வரி செய்தான். காரின் தரை மெல்லிய தகடு. அதில் பந்தய சீட்டை நான்கு போல்ட்டால் முடுக்கி, அடியில் சின்ன வாஷரோடு விட்டால், கார் மோதும்போது போல்ட் தரையைக் கிழித்துக்கொண்டு சீட்டோடு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைக்கு அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்தான். துரு ஏறிய இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைத்தான். சீட்டுக்கு மட்டும் பத்து நாள் ஆனது.

நான்காவது பக்கம் பெல்ட் பற்றியது. அதை யாரும் படிக்கவில்லை. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்ததை வைத்துத் தோள் பெல்ட்டுகளைப் பின்பக்கத் தரையிலிருந்து கழற்றி, தோள் உயரத்துக்குக் கூண்டில் குறுக்கே பற்ற வைத்த குழாயில் மாட்டினார்கள். தரையில் மாட்டினால் மோதும்போது தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நொறுக்கிவிடுமாம். செய்தது சரிதான். ஆனால் தூரம் குறைந்ததால் பெல்ட் நீளமாகிப்போனது.

தம்பி அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு வந்தான்.

"எக்கா, தோள் பெல்ட் ரெண்டும் ஒரு முழம் கூடுதலா கெடக்கு. எவ்வளவு இறுக்கினாலும் தொளதொளங்குது. குறைச்சுத் தந்துரு."

"இவ்வளவு தடியா இருக்கேல. ஊசி இறங்குமா?"

"ஸ்கூல் பை தைக்குத மிஷின் எதுக்கு வச்சிருக்க? சும்மா தூசி தட்டவா?"

எங்கள் ஊரில் துணி சம்பந்தப்பட்ட எதையும் முடியாது என்று சொல்லும் பழக்கம் கிடையாது. கூடுதல் நீளத்தை வெட்டினேன். முனையை இரும்பு வளையத்தில் கோத்து, மடித்து, பெட்டி போல ஐந்து வரிசை தைத்து, நடுவில் குறுக்குத் தையலும் போட்டேன். பெல்ட் கறுப்பு, நூலும் கறுப்பு. உற்றுப் பார்த்தாலொழிய தையல் தெரியாது. வெட்டிய துண்டில், தயாரித்த கம்பெனியும் வருடமும் அச்சிட்ட ஒரு லேபிள் இருந்தது. இன்னொரு சின்ன லேபிள் தோள் பக்கம் இருந்தது. கழுத்தில் உறுத்துமே என்று அதையும் பிரித்து எடுத்தேன். சீருடைக்குச் செய்வதைத்தான் செய்தேன்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே காட்டில் அவன் பதினோரு சுற்று ஓட்டிப் பழகினான். "பூட்டினா பூட்டினதுதான்க்கா, அசைய முடியல" என்று போனில் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால்தான் பந்தயத்தன்று முதல் பஸ் பிடித்துப் போனேன்.

காருக்கு அடியில் இருந்தவர் வெளியே வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். நெற்றியில் விளக்குப் பட்டை, முதுகு முழுக்கக் கரிசல் மண். கார்களை ஓடவிடலாமா கூடாதா என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"தகடு வேலை நல்லா பண்ணியிருக்கீங்கண்ணா" என்றார். வெல்டர் நண்பனுக்கு முகமெல்லாம் பல்.

சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் உலுக்கினார். அசையவில்லை. அட்டையில் ஒரு டிக் போட்டார். பிறகு பெல்ட்டைக் கையில் எடுத்துக் கட்டை விரலால் முனைவரை தடவிக்கொண்டே போனார். விரல் நின்றது.

"லேபிள் எங்கீங்கண்ணா?"

தம்பி என்னைப் பார்த்தான். "நான்தான் பிரிச்சு எடுத்தேன். கழுத்துல உறுத்துமேன்னு" என்றேன்.

"தெச்சது யாருங்க?"

"எங்க அக்காதான்" என்றான் தம்பி. "புதியம்புத்தூர்ல வந்து விசாரிச்சுப் பாருங்க. இவிய தைச்சா ஒரு இழை பிரியாது."

"தையல் அழகா இருக்குதுங்க. ஆனா இந்தப் பெல்ட்டோட உங்கள ஓட விட முடியாதுங்கண்ணா."

அதன்பிறகு நடந்தது வாக்குவாதம். ஆறு மாத உழைப்பு என்றான் தம்பி. இரும்பையெல்லாம் விட்டுவிட்டுத் துணியில் போய்க் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள் என்றான் நண்பன். நானும் சும்மா இருக்கவில்லை. ஐந்து வரிசை, குறுக்குத் தையல் என்றெல்லாம் விளக்கினேன். தம்பியும் நண்பனும் பெல்ட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காலை ஊன்றி இழுத்துக் காட்டினார்கள். பக்கத்துக் கார்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். தையல் அசையவே இல்லை.

"பாத்தியளா?" என்றான் தம்பி. "வேணும்னா டிராக்டர்ல கட்டி இழுப்போம். தாங்குச்சுன்னா ஏத்துக்கிடுவியளா?"

"தாங்கினாலும் ஏத்துக்க மாட்டேனுங்க" என்றார் அந்தப் பெண். "ஆனா நீங்க கண்ணால பாக்கோணும்னா இழுங்க."

தூசி கிளம்பாமல் இருக்கப் பாதைக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு டிராக்டர் வந்திருந்தது. அதை ஓட்டிய அண்ணாச்சி, "என்ன தம்பி, தேர் வடம் இழுக்கப் போறியளா?" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் டேங்கரைக் கழற்றிவிட்டு வந்தார். வலது தோள் பெல்ட்டை மட்டும் எடுத்தார்கள். நான் தைத்த முனையைச் சங்கிலியால் காட்டோரத்து உடைமரத்தில் கட்டினார்கள். மறுமுனை டிராக்டர் கொக்கியில். அந்தப் பெண் எல்லாரையும் தூரப் போகச் சொன்னார்.

"கார் மோதறப்ப மெதுவா இழுக்காதுங்க. கொஞ்சம் தொய்வு விட்டு வெடுக்குன்னு எடுங்க."

டிராக்டர் நகர்ந்தது. பெல்ட் விறைத்தது. அடுத்த நொடி, காடாத் துணியைக் கையால் கிழித்தால் வரும் சத்தம். தினமும் நான் கேட்கும் சத்தம்தான். பெல்ட் மேலே எழும்பிப் பறந்து போய் டிராக்டரின் பின் மட்கார்டில் அறைந்தது.

முதலில் ஓடிப் போய் அதை எடுத்தது நான். பெல்ட்டில் ஒரு பிசிறுகூட இல்லை. நான் மடித்த மடிப்பு மட்டும் விரிந்து, தட்டையாகக் கிடந்தது. ஊசி போன துளைகள் ஐந்து வரிசையாக, நேராக, ஒரே இடைவெளியில் தெரிந்தன. அறுந்த நூல் நுனிகள் அவற்றில் மயிர் போல நின்றன.

அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். தம்பி தன் வலது தோளைத் தடவிக்கொண்டே நின்றான். தடவுகிறோம் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. வெல்டர் நண்பன் ஒரு டயர் மீது உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெண் சொல்லிக்காட்டவில்லை. மறுமுனையைத் திருப்பி என்னிடம் காட்டினார். பெல்ட் செய்யப்பட்ட இடத்திலேயே போட்ட தையல் அங்கே இருந்தது. தடித்த நூல், எண்ணிக்கையில் குறைந்த துளைகள். அதுவும் அதே இழுப்பைத்தான் வாங்கியிருந்தது. அப்படியே இருந்தது.

"உங்க நூலு சட்டைக்குங்கக்கா. இது ஆளுக்கு" என்றார். நீளம் அதிகமென்றால் வெட்டவே கூடாது, குறைந்த நீளத்தில் வேறு பெல்ட்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். நான்காவது பக்கத்தில் முதல் வரியே அதுதான் என்பதைப் பிறகு பார்த்தேன்.

வெயில் ஏறும்வரை உடைமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாளிதழில் இருந்தபோது எத்தனையோ விபத்துச் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். இதுவும் ஒரு நாள் அப்படி வந்திருந்தால், கார் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது, இளைஞர் பலி, வயது 31 என்று எட்டு வரியில் முடித்து அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த எட்டு வரியில் தையல் வந்திருக்காது. என் தம்பியைக் கொன்றது என் கை என்று யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும்கூட.

அன்று தம்பி ஓடவில்லை. சாய்ந்த கூம்புகளை நிமிர்த்தி வைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மதியம்வரை வெயிலில் நின்றான். அடுத்த வருடம் சரியான அளவில் புதுப் பெல்ட் வாங்கி ஓடினான். ஒன்பதாவதாக வந்தான்.

சீட், தகடு, போல்ட் என்று எங்களுக்குத் தெரியாத வேலைகளையெல்லாம் கேட்டுக் கேட்டுச் செய்தோம். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை என்பதால் தையலைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. இன்றும் யூனிட்டில் யாராவது, "இது நமக்குத் தெரியாததாக்கா?" என்று சொன்னால் என் கை மிஷினிலிருந்து எழுந்துவிடுகிறது.

அன்று மாலை ஊர் திரும்பியதும், டிராக்டர் இழுக்காத இடது தோள் பெல்ட்டை எடுத்து மிஷின் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்து வரிசையில் இரண்டு, பழகிய அந்தப் பதினோரு சுற்றிலேயே விட்டுப் போயிருந்தன.