இசைத்தட்டில் இல்லாத எம்லின்

எம்லின் பியூவை முதல் நாளே விக்னராஜாவுக்குப் பிடித்துப்போனது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்த பிறகு அவன் இரண்டு மணி நேரம் எதையுமே வாசிக்கவில்லை. டிரம்களை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பைச் சுற்றியிருந்த திருகுகளை ஒரு சிறிய சாவியால் கால் சுற்று முறுக்கினான், விரலால் தட்டினான், குனிந்து காதை வைத்துக் கேட்டான், பிடிக்காமல் மறுபடி தளர்த்தினான். குழுவில் இருந்த மற்ற மூவரும் சலித்துப்போய்ச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த விக்னராஜா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது 1974ஆம் ஆண்டு. கொழும்பில் வானொலித் தொழில்நுட்பம் பார்த்த விக்னராஜாவுக்கு மெல்பேர்னில் கிடைத்தது ஒலிநாடா ஓட்டும் வேலை. பதிவு என்றால் பொத்தானை அழுத்த வேண்டும், போதும் என்றால் நிறுத்த வேண்டும். இசையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பெயரைக்கூட முழுதாகச் சொல்ல அங்கே ஒருவரும் முயன்றதில்லை. 'விக்' என்றார்கள்.

எம்லினுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வேல்ஸின் தெற்கில், தகரத் தகடு செய்யும் ஊர் ஒன்றில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் தேவாலயத்தில் பாடுகிறவர்கள், இவனுக்கு மட்டும் குரல் இல்லை. பதினாறு வயதில் தொழிலாளர் மன்றத்து நடனங்களுக்கு டிரம் வாசிக்கத் தொடங்கினான். பிறகு ஒரு ராக் குழுவோடு பழைய வேன் ஒன்றில் நான்கு வருடம் இங்கிலாந்து முழுவதும் சுற்றினான். குழு உடைந்ததும், ஆஸ்திரேலிய அரசு ஆள் சேர்த்த திட்டத்தில் கப்பலேறி வந்து, கார் தொழிற்சாலை ஒன்றில் கதவு பூட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்துதான் 'காப்பர் மெரிடியன்' என்ற குழுவுக்குப் போனான்.

அவர்கள் வாசித்தது அந்தக் காலத்தில் புரோகிரசிவ் ராக் என்று சொல்லப்பட்ட வகை. ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும். நடுவில் தாளம் ஐந்தாகும், ஏழாகும், பதினொன்றாகும். மற்றவர்கள் இந்தக் கணக்கில் தடுமாறுவார்கள். எம்லினுக்கு அது நடந்து போவதைப் போல. ஒரு நாள் இடைவேளையில் விக்னராஜா தன்னை மறந்து, மூன்றும் நான்குமாக ஏழு அடிகளை "தகிட தகதிமி, தகிட தகதிமி" என்று மேசையில் தட்டிக் காட்டினார். எம்லின் கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"திருப்பிச் சொல்லு."

சொன்னார். அவன் அதைத் தன் மொழி எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டான். அடுத்த ஞாயிறு கிளேட்டனில் இருந்த விக்னராஜாவின் சிறிய ஃபிளாட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். மனைவி பவளம் காரத்தைக் குறைத்துக் கோழிக்கறி வைத்திருந்தாள். குறைத்தது போதவில்லை. மூக்கால் தண்ணீர் ஓட ஓட, நிறுத்தாமல் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

பதினோரு நாளில் எம்லினின் பகுதிகள் பதிவாகி முடிந்தன. தயாரிப்பாளர் வாரன் கிட் அவன் தோளில் தட்டி, "பிரமாதம், போய் ஓய்வெடு" என்று அனுப்பிவைத்தார்.

அதற்கு நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, வேறு ஒரு டிரம்காரர் வந்தார். விளம்பரப் பாட்டுகளுக்கு வாசிக்கிறவர். மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, எம்லின் விட்டுப்போயிருந்த அதே டிரம்களில், எம்லினின் குச்சிகளையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழுத் தலைவன் டெரிக், கீபோர்டு வாசிப்பவன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கால் மேல் கால் போட்டிருந்தான்.

"டிரம் கொஞ்சம் அதிகமாகப் பேசுது," என்றார் வாரன். "வானொலிக்காரர்களுக்குப் பிடிக்காது. அதே தடத்தில் மேலே பதிவு செய், விக்."

மேலே பதிவு செய்தால் கீழே உள்ளது அழிந்துபோகும். விக்னராஜா டெரிக்கைப் பார்த்தார். டெரிக் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்லினுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எம்லினுக்கு எதற்கு?" என்றான் டெரிக். "அட்டையில் அவன் படம் இருக்கும்தானே."

விக்னராஜா பொத்தானை அழுத்தினார். வந்த ஆள் நன்றாகத்தான் வாசித்தார். எங்கும் பிசகவில்லை, எங்கும் எதுவும் நடக்கவும் இல்லை. ஏழு வந்த இடங்களில் ஒரு அடியைச் சேர்த்து எட்டாக்கிவிட்டார்கள், டெரிக் அதற்கேற்பத் தன் கீபோர்டைத் திருத்தி வாசித்தான். பதினோரு நாள் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் காணாமல் போனது. போகும்போது அந்த மனிதர் எம்லினின் குச்சி ஒன்றைக் காட்டி, "நல்ல கட்டை, எங்கே வாங்கினான்?" என்று கேட்டார்.

அன்று வீட்டுக்கு வந்த விக்னராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. பவளம் கேட்கக் கேட்க மெல்லச் சொன்னார்.

"நீங்கள் மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்தானே," என்றாள்.

"சொன்னா வேலை போயிருக்கும். இன்னொருத்தன் வந்து அமத்தியிருப்பான்."

"அப்ப அந்தப் பிள்ளைக்காவது சொல்லுங்கோ. இஞ்ச வந்து என்ர கையால சாப்பிட்டுட்டுப் போற ஆள். எப்பிடி முகம் பாக்கிறது?"

"சொல்லுறன்," என்றார். சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் எம்லின் வந்தான், சாப்பிட்டான், தான் வாசித்த ஒரு பகுதியைக் கரண்டியால் கோப்பையில் தட்டிக் காட்டினான். விக்னராஜா தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவருக்குத் தன் முகத்தையே கழுவ வேண்டும் போல இருக்கும்.

அடுத்த வருடம் மார்ச்சில் இசைத்தட்டு வெளியானது. எம்லின் தனக்குக் கிடைத்த பிரதியைப் பிரிக்காமல் அப்படியே கிளேட்டனுக்குக் கொண்டுவந்தான், இவர்களோடு சேர்ந்து கேட்க. பவளம் தேநீர் போடக் குசினிக்குள் போனவள் வெளியே வரவில்லை. ஊசி தட்டில் இறங்கியது. கீபோர்டு முடிந்து டிரம் தொடங்கி, எட்டுப் பத்து அடிகூட ஆகியிருக்காது.

"இது நான் இல்லை," என்றான்.

அவன் முழுப் பக்கத்தையும் கேட்டான். ஏழு வர வேண்டிய இடத்தில் எட்டு வந்தபோது மட்டும், தன்னையறியாமல் அவன் வலது கால் தரையில் தவறி விழுந்தது.

"ஆர் அமத்தினது?"

"நான்தான்."

"டெரிக்?"

"பக்கத்தில இருந்தவன்."

எம்லின் கொஞ்ச நேரம் அட்டையில் இருந்த தன் படத்தைப் பார்த்தான். "பத்து ஞாயிறு உன்ர வீட்டில சாப்பிட்டிருக்கிறன்," என்றான். கத்தவில்லை. குசினி வாசலில் நின்று பவளத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். தட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பத்திரிகைகள் அந்த டிரம்மைப் புகழ்ந்தன. 'எம்லின் பியூவின் கட்டுப்பாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒப்பந்தம் அவனைக் கட்டிப்போட்டிருந்ததால், தன்னை அழித்தவனின் அடிகளை ஒவ்வொன்றாகப் பாடம் செய்து மேடையில் வாசிக்க வேண்டியிருந்தது. பல்லரட், ஜீலாங், அடிலெய்ட் என்று இரண்டு மாதம் வாசித்தான். ஒவ்வொரு ஊரிலும் யாராவது வந்து, தட்டில் இருப்பது போலவே வாசிக்கிறாய் என்று கைகொடுத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிட்னியிலிருந்து நேரடி ஒளிபரப்பு. வர்ணத் தொலைக்காட்சி வந்த புதிது. பவளமும் விக்னராஜாவும் பக்கத்து ஃபிளாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் உண்மையாக வாசிப்பதில்லை. தட்டை ஓடவிட்டு, வாசிப்பது போல நடிக்க வேண்டும். சத்தம் கேட்காதபடி டிரம்களில் ரப்பர் விரித்திருந்தார்கள்.

பாட்டு தொடங்கியது. டெரிக் தலைமுடியை உதறினான். கமரா டிரம் பக்கம் திரும்பியபோது எம்லின் குச்சிகளைத் தரையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். டிரம் சத்தம் மட்டும் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. கமரா விலகியது. வேறு வழியில்லாமல் மீண்டும் வந்தது. அவன் அதே இடத்தில், அதே இருப்பு.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். பவளம் சிரிக்கவில்லை. "நல்லாச் செய்தான்," என்று தமிழில் சொன்னாள்.

மறுநாள் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவன் மெல்பேர்னுக்குத் திரும்பி வரவில்லை. சிட்னிக்கு மேற்கே செவன் ஹில்ஸில், குளிர்சாதனப் பெட்டிகளுக்குத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாக வருட முடிவில் ஒரு அஞ்சலட்டை வந்தது. கடைசி வரியில் பவளத்தின் சுகம் விசாரித்திருந்தான்.

1977இல் ஒரு காலை, வாரன் கிட் கூடத்துக் கதவைத் திறந்துவிட, உள்ளே வந்தது எம்லின். கையில் குச்சிப் பை. மெலிந்திருந்தான். சிட்னிக் குழு ஒன்றின் தட்டு அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அவர்களுடைய டிரம்காரன் கெவின், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், முந்தைய நாள்தான் தன் பகுதியை வாசித்து முடித்துவிட்டு ஊருக்குப் போயிருந்தான்.

விக்னராஜாவுக்குப் புரிய அதிக நேரம் எடுக்கவில்லை. வாரன் தொலைபேசிக்குப் போன இடைவெளியில் டிரம் அறைக்குள் போனார்.

"நீயா இதைச் செய்யப்போறாய்?"

எம்லின் திருகுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"பதினஞ்சு வருசமா வாசிக்கிறன். ஒரு தட்டில கூட என்ர அடி இல்லை. ஒருக்கா எண்டாலும் இருக்கட்டும்."

"பேர் அவன்ர பேரா இருக்கும்."

"இருக்கட்டும். அடி என்ரதா இருக்கும்."

"உனக்குச் செய்ததைத்தான் நீ அவனுக்குச் செய்யிறாய்."

"தெரியும்," என்றான். "நீ போய்ப் பொத்தானை அமத்து. உனக்குப் பழக்கம்தானே."

விக்னராஜா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். வாரன் கையைக் காட்டினார். இவர் பொத்தானைத் தொடாமல் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். வாரன் இரண்டாம் முறையும் காட்டிவிட்டு, எழுந்து வந்து தானே அழுத்தினார். எம்லின் வாசித்தான். அவ்வளவு அழகாக அவன் முன்னர் வாசித்து விக்னராஜா கேட்டதில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியாமல் இருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. பதிவு முடிவதற்குள் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கிளேட்டனில் பல்கலைக்கழகத்து மொழிக்கூடத்தில் ஒலிநாடாக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது.

அன்று எம்லின் வாசித்த பாட்டு மறு வருடம் எங்கும் ஒலித்தது. பேருந்தில், சலூனில், மொழிக்கூடத்து மாணவர்களின் வாயில். கெவினுக்கு ஒரு சஞ்சிகை ஆண்டின் சிறந்த டிரம்காரன் என்று பட்டம் கொடுத்தது.

1979இல் சிட்னியில் குடியேறிய பவளத்தின் தமக்கை குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, விக்னராஜா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் செவன் ஹில்ஸுக்கு ரயில் ஏறினார். தொழிற்சாலை வாசலில் சாப்பாட்டு வண்டி நின்றது. எம்லின் நீல நிற வேலையுடுப்பில் வந்தான். இடது கைப் பெருவிரலில் பாதி இல்லை. கேட்பதற்கு முன், "வெட்டு இயந்திரம்," என்றான். மதில் திண்டில் உட்கார்ந்தார்கள்.

"நான் கெவின்ர வீட்டுக்குப் போனனான்," என்றான் எம்லின். "எனக்கு ஒருத்தரும் நேரில சொல்லேல்லை. நானாவது சொல்லுவம் எண்டு போனன். அடிச்சாலும் வாங்கிறது எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனன்."

"அடிச்சவனோ?"

"சிரிச்சான். அவனுக்கு முதலே தெரியும். அவன்தான் வாரனிட்டைச் சொல்லியிருக்கிறான், நல்ல ஆளாப் பிடிச்சு வாசிக்கவை எண்டு. எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான். பட்டம் குடுத்த சஞ்சிகையைக் கொண்டுவந்து காட்டினான். அடுத்த தட்டுக்கும் வருவியோ எண்டு கேட்டான்."

எம்லின் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடி கடித்தான்.

"தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சனான்," என்றான் எம்லின். "அதுதான் எனக்கு இப்பவும் குமட்டுது. எழும்பி வரேல்லை. முழுக்கக் குடிச்சுட்டு, நன்றி சொல்லிட்டு வந்தன். அடுத்த கிழமை டிரம்மைத் தேவாலயத்துக்காரருக்குக் குடுத்துட்டன். விரல் போனது அதுக்குப் பிறகு. ஆக்கள் விரலாலதான் வாசிப்பை விட்டதெண்டு நினைக்கினம். நான் திருத்திறேல்லை."

வண்டிக்காரர் வைத்திருந்த வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. வரிசையில் நின்ற ஒருவர் வண்டியின் தகரத்தில் விரலால் தாளம் போட்டார். தப்பாகப் போட்டார். எம்லின் ரொட்டியை மென்று விழுங்கி, காகிதத்தைக் கசக்கித் தொட்டியில் எறிந்தான்.

"பவளம் இப்பவும் அந்தக் கோழிக்கறி வைக்கிறவவோ?" என்று கேட்டான்.

"ஓம். வா ஒருக்கா."

"பாப்பம்," என்றான். மணி அடித்தது. கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். அவன் வர மாட்டான் என்று விக்னராஜாவுக்குத் தெரியும். அவன் இடத்தில் தான் இருந்தாலும் வந்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பாட்டு முடிவதற்குள் அவர் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.