மோர்டனில் ஒரு பங்குக் கிணறு

மழை பொய்த்தால் மனிதர்கள் தங்களுக்குள் அடிபடுவார்கள் என்பதைக் கண்டுபிடிக்க இப்போது பெரிய மாநாடெல்லாம் கூட்டுகிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே லண்டன் மோர்டனில் இருந்தபடி சொல்லியிருப்பேன்.

அங்கே ஒரு மாடியறையில் நானும் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தோம். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் இரு குடும்பத்துக்கும் ஒரே பங்குக் கிணறு. ஒருநாள் இறைப்பு அவர்களுக்கு, மறுநாள் எங்களுக்கு. லண்டனில் அண்ணை சமைப்பார், நான் கோப்பை கழுவுவேன். வேலையால் வந்தால் பேச எனக்கு அவரைவிட்டால் வேறு ஆளில்லை.

ஊரில் அடுத்தடுத்து இரண்டு மாரி பொய்த்தது. போரில் வீடிழந்த சனம் வேறு வந்து இறங்கியது. எங்கள் முறை நாளில் ஐயா, என் அப்பா, அந்தச் சனத்தைத் தண்ணீர் அள்ளவிட்டார். நீர் அடிக்குப் போய்க் கிணறு உவர்த்தது. அண்ணை வீட்டுப் புகையிலை கருகியது. அவருடைய தம்பி கிணற்றடியை முள்ளால் அடைத்தார், ஐயா பிடுங்கி எறிந்தார், கைகலப்பாகிவிட்டது. கொழும்புக்கு வந்தவர்கள் போனில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

"உன்ரை ஐயா ஊருக்கெல்லாம் தண்ணி வார்த்து எங்கட தோட்டத்தை அழிச்சுப்போட்டார்," என்றார் அண்ணை.

"தண்ணி கேட்டு வாற சனத்துக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமோ?"

"உங்கட பங்கிலை குடுக்கட்டும். ஊத்து ரெண்டு பேருக்கும் ஒண்டுதானே?"

அதன்பின் அடுப்புக்கும் முறை வந்தது. ஒருநாள் அவருக்கு, மறுநாள் எனக்கு. முறையில்லாத நாளில் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பேன். வெளியே மழை கொட்டித் தள்ளும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் சொல்லாமல் அடுத்த ஊரான சட்டனுக்குக் குடிபோய்விட்டார். சுடுகாட்டில் இருப்பதுபோல அந்த அறையில் இருந்தேன்.

பிறகு சண்டை நெருங்கி எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. இரண்டு குடும்பமும் ஒரே தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழ் இருப்பதாகவும், காய்ச்சலில் கிடந்த ஐயாவுக்கு அண்ணையின் தம்பிதான் கஞ்சி பருக்குவதாகவும் செய்தி வந்தது. விலாசம் விசாரித்துக்கொண்டு சட்டனுக்கு ஓடினேன்.

கதவைப் பாதி திறந்தபடி அண்ணை எல்லாவற்றையும் கேட்டார்.

"ஓம், கேள்விப்பட்டனான். சந்தோசம். ஷிப்டுக்கு நேரமாச்சு, வாறன்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அங்கே அவர்களுக்கு இருந்தது ஒரு படங்கு. இங்கே எங்களுக்கு ஆளுக்கொரு அறை இருந்தது.