மஞ்சள் தாங்கும் பிரிண்டர்

எங்கள் வீட்டுக்குக் கலர் லேசர் பிரிண்டர் வந்ததற்கு முழுக் காரணம் என் வலது கைதான் என்று வெகுகாலம் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

பாயா ரும்புட் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா கல்யாணக் கார்டு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மேசை, ஒரு கணினி, மையால் அச்சடிக்கும் பழைய இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்று. கம்பெனி அவ்வளவுதான். சித்தப்பாவின் கல்யாணக் கார்டை அம்மாவே அடித்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் வைக்கும் வேலை எனக்கு. ஒன்பது வயது. மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, ஆர்வக்கோளாறில் சற்றுத் தாராளமாகவே வைத்தேன்.

முதல் கார்டை வாங்கிப் போக சுங்கை ரம்பாயிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கார்டைப் பிரித்ததும் அவள் முகம் மாறியது. கீழ் மூலையில் குடும்பத்தார் பெயர்கள் இருந்தன. மற்ற எல்லாரும் பத்திரமாக இருக்க, ஓரத்தில் இருந்த அத்தையின் பெயர் மட்டும் கரைந்து மஞ்சளோடு வழிந்திருந்தது.

"இந்தப் புள்ளைக்குக் கைராசியே இல்ல. நல்ல காரியத்துல இவள தொட விடாதீங்க" என்றாள்.

சொன்னவள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான்தான் அன்றிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரிந்தேன். விளக்கேற்றக் கூப்பிட்டால் போகவில்லை. சித்தப்பாவின் கல்யாண வேட்டியைத் தொட்டால் கல்யாணமே நின்றுவிடும் என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை, டவுனுக்குப் போய்ப் புது பிரிண்டர் வாங்கலாம் என்றாள் அம்மா. அத்தைக்கும் போன் போட்டு, "அண்ணி, கலர் பாக்க நீங்க கட்டாயம் வரணும்" என்றாள். திட்டியவளை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு ஒரே கோபம்.

கடையில் மூன்று பிரிண்டர்களை வரிசையாக வைத்து, நிமிடத்துக்கு எத்தனை பக்கம், வைஃபை உண்டா என்று விற்பனையாளர் அண்ணன் அடுக்கிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. மஞ்சத்தண்ணி பட்டா தாங்குமா?" என்றாள் அம்மா.

"போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும் லா, அக்கா." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் டிஷ்யூவை எடுத்து வைத்தார்.

அம்மா கைப்பையிலிருந்து எங்கள் தடித்த கார்டுகளையும் ஒரு சின்ன டப்பாவில் குழைத்த மஞ்சளையும் எடுத்தாள். எல்லாக் கார்டிலும் அத்தையின் பெயரைத்தான் அடிக்கச் சொன்னாள். "நீ வைம்மா" என்றாள் என்னிடம். நான் தலையாட்டி மறுத்தேன். அவள் என் விரலைப் பிடித்து மஞ்சளில் தோய்த்துவிட்டாள்.

முதலாவது இங்க்ஜெட். நான் தொட்டதும் அத்தையின் பெயர் வழிந்தது. எனக்கு அழுகை முட்டியது.

"இதே மெஷின்ல இன்னொன்னு. அண்ணி, நீங்க வைங்க."

அத்தை வைத்தாள். அவள் பெயர் அவள் கையாலேயே கரைந்தது.

இரண்டாவது லேசர். எங்கள் தடித்த கார்டு உள்ளே வளைய முடியாமல் சிக்கிக்கொண்டது. மூன்றாவதும் லேசர்தான், ஆனால் பின்பக்கமாக நுழைந்த கார்டு வளையாமல் நேராக முன்னால் வந்தது, சுடச்சுட. பெயர்மேலேயே மஞ்சளை அப்பித் துடைத்தேன். ஓர் எழுத்துகூட அசையவில்லை.

"இதுல மை இல்ல பாப்பா, தூளு. சூட்டுல தாளோட ஒட்டிக்கும்" என்றார் அண்ணன்.

நான் கடைக்குள் குதித்த குதியில், மவுஸ் வாங்க வந்திருந்த மலாய் அம்மா, ஒரு மக்சிக், நல்லா இருக்கு என்று "பாகுஸ், பாகுஸ்!" சொல்லிக் கை தட்டினார். அத்தை தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லா கார்டுக்கும் இவளே வைக்கட்டும்" என்றாள். என் வாழ்வில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை நான் பட்டதில்லை.

பிரிண்டர் பெட்டியை அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். அதன்மேல் அம்மாவின் பெயரும் முந்தின நாள் வெள்ளிக்கிழமைத் தேதியும் எழுதி, பணம் கட்டியாயிற்று என்று முத்திரை குத்திய ரசீது ஒட்டியிருந்தது. கடைக்காரர்களுக்குத் தேதிகூடச் சரியாகத் தெரியவில்லையே என்று, மஞ்சள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.