பெட்டிக்குள் இருந்த ரொட்டி

கடவுள் அறிய, இது நடந்தது. போன பனிக்காலத்தில், அல்மாட்டியில், எங்கள் ஆய்வுக்கூடத்தில்.

குரோமியம் அயோடைடு என்ற படிகத்தைச் செல்லோ டேப்பால் உரித்து உரித்து, ஒற்றை அடுக்கு ஏடாக்குவோம். கடுங்குளிரில் அந்த ஒற்றை ஏடே ஒரு காந்தம். இரண்டு ஏடு சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். "உன்னையும் என்னையும் மாதிரிடி" என்பாள் என்னோடு வேலை பார்த்த ஜிபெக். உரிப்பதில் அவள் கைதான் கை.

காற்றின் ஈரம் பட்டால் ஏடு கெட்டுவிடும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான் வேலை. பெட்டியோடு ஒட்டிய ரப்பர் கையுறைகளில் கைவிட்டு உரிப்போம். வெளியே எடுக்குமுன் மேலே கண்ணாடிச் சில்லு வைத்து மூட வேண்டும்.

அந்தப் புதன்கிழமை மூடாமல் எடுத்தவள் நான். குளிர்காலம் முழுக்கப் பட்ட பாடு ஈரத்துளியாகிப் போனது.

"ஜிபெக்தான் சார்" என்றேன்.

ஆய்வுக்கூடத் தலைவர் செய்த்கலி சார் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். வியாழக்கிழமை, வேலையை விட்டுப் போகும்போது, வாசலில் என்னிடம் ரொட்டியை நீட்டினாள். எங்கள் ஊரில் ரொட்டியை நீட்டினால் ஒரு வாயாவது தின்னாமல் போகக் கூடாது.

"கடிச்சுட்டுப் போ, தோல்கின். உனக்கு என் மேலதானே கோபம்? ரொட்டி என்ன பண்ணுச்சு?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடிக்காமலே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை. மாலை நாலு பத்து. பெட்டி இருக்கும் அறையில் நான் மட்டும். அறைச் சாவி என் பையில்.

சர்ர்ர்...

டேப் உரிக்கும் சத்தம்.

வாயு அழுத்தத்தில் கையுறைகள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது இரண்டும் உள்ளே இருந்தன...

விரல்கள் நிதானமாக அசைந்தன.

சர்ர்ர்...

கண்ணாடிச் சில்லை எடுத்தன. மூடின.

தப்!

கையுறைகள் வெளியே வந்து விழுந்தன. தொட்டேன்.

சூடு.

சாரிடம் ஓடினேன். "மூடாம எடுத்தது நான்தான் சார். ஜிபெக்கைத் திரும்பக் கூப்பிடுங்க."

அவர் கையில் போன் இருந்தது. "இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? இப்பதான் அவ தம்பி பேசினான். காலையில அவ ஊருக்குப் போன பஸ், பனியில வழுக்கி..."

இருவரும் வந்து பெட்டியைப் பார்த்தோம். சில்லுக்கு அடியில் ஒற்றை ஏடு. குளிரூட்டிச் சோதித்தபோது, நல்ல காந்தம். அது அவள் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

ஏட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டி கிடந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டியின் கதவை யாரும் திறக்கவில்லை.

அதை வெளியே எடுத்தேன். அவளுக்காக வேண்டிக்கொண்டு ஒரு வாய் கடித்தேன். மிருதுவாக இருந்தது.

மறுபக்கம் ஏற்கெனவே ஒரு வாய் கடிபட்டிருந்தது.