வெல்லத் துண்டில் பாதி

கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஓர் ஆலையில் உலை வேலை பார்த்தவர் அவர். புருவம் பொசுங்கிப்போன முகம். 2006 வாக்கில் எங்கள் ஆய்வுக்காக அந்த ஆலைத் தொழிலாளர்களைச் சென்னைக்கு வரவழைத்து, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படுக்க வைத்தோம். நஞ்சை எதிர்க்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் மூளையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஊசி குத்தாமலே அதில் அளக்கலாம்.

சட்டைப் பையைக் காலி செய்யச் சொன்னேன். காகிதத்தில் பொதிந்த வெல்லத் துண்டு ஒன்று வந்தது. தூசிக்கு முறிவு என்று ஆலையில் தினமும் கொடுப்பார்களாம்.

ஸ்கேன் முடிந்ததும் கேட்டார்: "வெசத்த எதுக்குறதுன்னு சொன்னியே, எனக்கு அது எவ்ளோ சார் கீது?"

"ஒருத்தரோட அளவை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்டி சொல்லாத சார். எங்க ஊடு கம்பெனி செவுத்தாண்டதான் கீது. டெய்லி பாதி வெல்லம் என் பொண்ணுக்கு எடுத்துக்கினு போறேன். எனக்குப் போதும்னு நீ சொன்னா, முழுசா அவளுக்கே குடுத்துடுவேன்."

வெல்லம் ஈயத்துக்கு மருந்தில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவர் துண்டை உடைத்தார். சின்னதை வாயில் போட்டுக்கொண்டு, பெரியதைக் காகிதத்தில் மடித்தார்.